அம்மா தைத்த சுவர்

தேன்மெழுகில் இழுத்த நூலுக்கென ஒரு மணம் உண்டு. உப்புக் காற்றோடு கலந்து அது வரும்போதெல்லாம், சுவரின் புறத்தே கையை விரித்து வைத்து, ஊசியின் நுனி எங்கே முளைக்கும் என்று மூச்சடக்கி நின்ற என் இளம்பருவம் கண்முன் எழுகிறது. சுவரில் ஊசியா என்று நீங்கள் வியக்கலாம். அன்று எங்கள் ஊரே வியந்தது.

பழவேற்காட்டுக் கோட்டையின் மேல் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. ஏரியின் நடுவே பசியாவரத்தில் எங்கள் வீடு. "நைனா" என்று நாங்கள் அழைத்த தந்தையார் வலைஞர். அம்மாவோ நாள்தோறும் தோணியேறிக் கோட்டைக்கரைக்குச் சென்று, துணி வணிகர் ஒருவரின் கிடங்கில் "பொந்த" தைத்து வருவார். இரு துணிகளுக்கிடையே பஞ்சைப் பரப்பி, ஊடுருவத் தையலோட்டிய தடித்த போர்வைக்கு எங்கள் பக்கத்தில் வழங்கிய பெயர் அது. அவை கப்பலேறி ஒல்லாந்தரின் நாட்டுக்குப் போகும். அந்நாட்டில் குளிர்காலத்தில் ஏரி நீர் கல்லாக இறுகிவிடும், மாந்தர் அதன்மேல் நடந்து போவர் என்று அம்மா கேட்டு வந்து சொன்னபோது, நைனா நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப மீனு இன்னா பண்ணும்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு மூன்று புறமும் மண்சுவர். வடபுறத்து மண்ணை மட்டும் வாடைக்காற்றின் சாய்மழை ஆண்டுதோறும் கரைத்துவிடுமாதலால், அங்கே பனையோலைத் தட்டி கட்டியிருந்தோம். முந்தைய ஆண்டின் கார்த்திகையில் அந்தத் தட்டியின் இடுக்குகளில் புகுந்த ஈரம், என் அக்காள் ஈன்ற முதற்குழந்தையைப் படுக்கையிலேயே நனைத்தது. அதன் மெலிந்த அழுகை தோணித்துறை வரை கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. மறு ஆண்டு அக்காள் மீண்டும் நிறைசூலியாய்த் தாய்வீடு வந்து சேர்ந்தபோது, அம்மா ஓலைத் தட்டியைப் பிரித்தெறிந்தார். அந்த வடபுறத்துக்கு ஒரு பொந்த தைக்கப் போவதாக அறிவித்தார்.

அண்டை வீட்டு மருத்துவச்சிக்கு நகைப்புத் தாங்கவில்லை. "வூட்டுக்கு இன்னாடி குளிர் சொரமா, போத்தி வுடப் போற?"

"வூட்டுக்கு இல்லக்கா. வூட்டுக்கு வரப்போற ஆளுக்கு."

எங்கள் தோணியின் பழைய பாய்கள் இரண்டைப் பனஞ்சட்டத்தின் இருபுறமும் இழுத்துக் கட்டி, நடுவே வைக்கோலை அடைத்தார். கரிநீரில் தோய்த்த நூலை இருவர் பிடித்துச் சுண்டியதும், பாயின் மேல் நேர்கோடுகள் விழுந்தன. "கோடு நெருங்குனாத்தான் பஞ்சு நிக்கும், அகண்டா அடியில போயி குந்திக்கும்" என்பது கிடங்கில் அவர் கற்ற மொழி, வைக்கோலுக்கும் அதுவே நெறியாயிற்று. ஊசி குத்தாதிருக்க விரலில் பித்தளை "அங்குத்தான்" அணிந்து, மூட்டை தைக்கும் கோணியூசியை அவர் உள்ளிருந்து செலுத்துவார். புறத்தே நின்ற நான் அதைப் பற்றி இழுத்து, கோட்டின் மேல் ஒரு விரல் தள்ளி மீண்டும் உள்ளே அனுப்புவேன். ஒருவர் முகம் ஒருவர் காணாமல், அந்த ஊசி ஒன்றே எங்களுக்கிடையே போய்வந்துகொண்டிருந்தது.

சுவர் முடிந்தது, வானம் மூடியது. மழை ஒரு துளியும் விழவில்லை. ஆயினும் சுவர் வியர்த்தது. உட்புறத் துணி நீர்கோத்து, வைக்கோல் புளித்து நாறிற்று. நைனா சுவரை நாவால் தொட்டுப் பார்த்தார். "உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான். பாயி மட்டும் சும்மா இருக்குமா?" என்றார். கிடங்கின் புதுத்துணியில் பழகிய அம்மாவின் கை, ஆண்டுக்கணக்கில் கடலில் ஊறிய பாயின் உப்பை எண்ணவில்லை. உப்பிலேயே பிறந்து உழல்வோர்க்கு உப்பு கண்ணில் படுவதில்லை போலும்.

அம்மா கத்தியை எடுத்துத் தையல் அனைத்தையும் அறுத்தார். குடிநீரே தோணியில் குடங்குடமாய் வரும் தீவில் பாய்களை அலச நன்னீருக்கு எங்கே போவது?

"வானத்தையே தொவைக்கச் சொல்லு" என்றார் நைனா.

எந்த மழைக்கு அஞ்சினோமோ அதனையே வேண்டி நின்றோம். அக்காளை மருத்துவச்சியின் வீட்டில் இருத்திவிட்டு, பாய்களைக் கூரைமேல் விரித்தோம். மழை வந்தது, வடபுறம் திறந்து கிடந்த வீட்டினுள் புகுந்து தெற்கு மூலை வரை நடந்தது. அம்மா அந்தக் கொட்டும் மழையில் நின்றுகொண்டு, கரிப்பு நீங்கும்வரை பாயின் ஓரத்தை நாவால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலோர மாந்தருக்குரிய எத்தனையோ துணிவுகளைக் கண்டிருக்கிறேன்; அதற்கிணையான ஒன்றை இன்றளவும் கண்டதில்லை.

இடையில் கிடைத்த வெயிலில் பாய்களை உலர்த்திப் புது வைக்கோல் அடைத்துத் தைத்தோம். அக்காளும் வீடு திரும்பினாள். கடைசி வரிசை முடிவதற்குள் அவளுக்கு வலி கண்டது, மழையும் பிடித்துக்கொண்டது. ஊசி வருவது நின்றது. நைனா தோணிக்குப் பூசும் குங்கிலியமும் மீனெண்ணெயும் கலந்த குழம்பை மழைக்கு முன்பே புறத்தே பூசியிருந்தார்; விட்டுப்போன ஓரங்களை இறவாரத்தின் கீழ் ஒற்றிக்கொண்டிருந்தார். நான் நனைந்தவாறே சுவரில் கை வைத்து நின்றேன். உள்ளிருந்து ஓர் ஒலியும் வரவில்லை. நைனா பூச்சை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தார். "ஒண்ணும் கேக்கலடா" என்றார். முந்தைய ஆண்டின் அழுகை தோணித்துறை வரை கேட்டதே என்ற நினைவு இருவர் நெஞ்சிலும் இருந்தது.

அப்போது என் உள்ளங்கையருகே ஊசியின் நுனி முளைத்தது. இழுத்தேன், பின்னே வந்த நூல் முழுதும் மஞ்சள் படிந்திருந்தது.

நைனா சுற்றிக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்ததும் குழந்தையின் அழுகை எங்கள் முகத்தில் அறைந்தது. "இந்தக் கத்து கத்துது, வெளிய கேக்கவே இல்லியே" என்று, மழைநீர் சொட்ட வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே நிலம் உலர்ந்து கிடந்தது. அம்மா குழந்தையின் தொப்புளுக்கு வைத்த மஞ்சள் அப்பிய கைகளோடு கடைசி வரிசையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

கோட்டையின் மேல் பறந்த ஒல்லாந்தர் கொடி இறங்கி ஆண்டுகள் பலவாயின. கோட்டை இடிந்தது, கிடங்கிருந்த மேட்டில் ஆடுகள் மேய்கின்றன, போர்வை ஏற்றிச் செல்லும் கப்பல்களும் இல்லை. அன்று பிறந்த என் மருமகனுக்குத் தாடி நரைத்துவிட்டது. அவன் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டிய வீட்டில்தான் இப்போது வாழ்கிறேன். வாடைக்காற்று எழுந்து சாய்மழை பெய்யும்போது, அவன் உள்ளேயிருந்து, "மாமா, மழையில இன்னா பண்றே, உள்ள வா" என்று அழைப்பான். வடபுறச் சுவரில் விரித்து வைத்த கையை நான் உடனே எடுப்பதில்லை.