பாலம் மேனும் ஜன்னல் சீட்டும்

எனக்குத் தமிழ் தெரியாது என்று ஸ்ரீரங்கத்தில் கொஞ்ச காலம் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவர் எங்கள் டியூஷன் சென்டர் முதலாளி. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் நான். சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குவது என் வேலை. சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"மேடம், மாடிப்படி ஏறினதும் தமிழை மறந்துடுங்க. பேரன்ட்ஸ்கிட்டயும் இங்கிலீஷ்தான். நீங்க பெங்களூர்ல படிச்சவங்கன்னு நோட்டீஸ்லயே போட்டுட்டேன்."

பெங்களூருக்கு நான் போனது ஒரே ஒரு முறை, சித்தி மகள் கல்யாணத்துக்கு. மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை. நான் படித்தது துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழியில். திருச்சியில் காலேஜில் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலம் எனக்கு வந்தது, அதுவும் அழுது அழுது. இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். "அது நமக்குள்ள இருக்கட்டும் மேடம்" என்றார். எனக்கு வேலை வேண்டும். தலையாட்டினேன்.

தமிழ் தெரியாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் என் எதிரிலேயே, "இந்தக் கலர் இவங்களுக்கு எடுக்கலைல்ல?" என்று என் புடவையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். நான் ஒன்றும் புரியாதவளாகச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது. அப்போதுகூட "அம்மா" என்று கத்தவில்லை. "அவுச்" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினால்தான் என் வாய்க்கு விடுதலை.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். மூன்றாம் வகுப்பு. எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் கடைசியாகப் போவாள். எழுதச் சொன்னால் ஒரு தப்பு இருக்காது. ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். "ஐ ஹேவ் எ டாக்", "மை ஹவுஸ் ஹேஸ் எ கார்டன்" என்று மற்றதுகள் கூரை பறக்கக் கத்தும்போது, அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் அப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கி, எனக்குத் தமிழ் தெரியாதே என்று, பாவம், வியர்க்க வியர்க்க ஆங்கிலம் பேசுவார். "மிஸ், எனி டாக்கிங்?" என்பார். "சூன், சூன்" என்பேன். ஆண்டு விழா நெருங்கியபோது பொறுமை இழந்துவிட்டார். "திஸ் ஃபங்ஷன் ஷி நோ டாக், ஐ ஸ்டாப். அபாகஸ் கிளாஸ்ல சேர்த்துடுவேன்." அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயே திறக்காத பிள்ளைக்கு என் வகுப்பின் மேல் இவ்வளவு பிரியம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவளை விடக்கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது.

புத்தகத்தில் இருந்த பாடம் எனக்கே கொட்டாவி வரவழைத்தது. அதனால் விழாவுக்கு நாமே ஒரு சூப்பர் ஹீரோவை உண்டாக்குவோம் என்றேன். காவிரிப் பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. எல்லா ஸ்கூல் வேனும் ஊரைச் சுற்றிக்கொண்டு போக, எல்லாப் பிள்ளைகளும் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பிறந்தவன் பாலம் மேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் மாம்பழச் சாலையில் வேனைத் தூக்கினால் அந்தப் பக்கம் சத்திரத்தில் இறக்கிவிடுவான். பேன்ட்டுக்கு மேல் வேட்டி கட்டியிருப்பான். ராகு காலத்தில் மட்டும் பறக்கமாட்டான், அவன் அம்மா விடமாட்டார்கள். இவ்வளவையும் பிள்ளைகள் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. சூப்பர் ஹீரோ என்றால் அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றேன். வகுப்பு ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் எந்தத் தெரு என்று ஒருத்தி கேட்டாள். சித்திரை வீதி என்று வைத்துக்கொள் என்றேன். அப்படியானால் எங்கள் அத்தைக்குத் தெரியும் என்றாள். முகமூடி போட்டிருப்பான் என்றேன். செருப்பைப் பார்த்தே பூக்கடை ஆன்ட்டி சொல்லிவிடுவார்கள் என்றான் இன்னொருவன். மொட்டைமாடியிலிருந்து தினமும் பறந்து போகிறானே, பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டில் கேட்கமாட்டார்களா என்றாள் மூன்றாமவள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நோபடி நோஸ்" என்று மேஜையைத் தட்டி முடித்தேன்.

அந்த இரண்டு வார்த்தையைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். நாடகத்திலேயே சின்ன வசனம். பாலம் மேனின் ரகசியம் யாருக்குத் தெரியும் என்று நான் கேட்பேன். "நோபடி நோஸ், மிஸ்" என்று அவள் சொன்னால் போதும், அபாகஸிலிருந்து தப்பித்துவிடலாம். ஒத்திகையில் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். சாக்லேட் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடியும் தலையை ஆட்டினாள்.

விழாவுக்கு முதல் நாள் மாடிப்படியில் அவளைத் தனியாகப் பிடித்தேன். மேலும் கீழும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. என்னையும் மீறித் தமிழ் வந்துவிட்டது.

"ஏம்மா, ரெண்டே வார்த்தை. சொல்லிடேன். உங்கப்பா நிறுத்திடுவாரே."

நான் தமிழ் பேசியதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அது பொய் மிஸ்" என்றாள். "எல்லாருக்கும்தான் தெரியுமே."

"கதைதானே கண்ணு?"

"நாயும் பொய்தான் மிஸ். எங்க வீட்ல நாய் இல்ல. தோட்டமும் இல்ல. மாடி போர்ஷன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதமும் நான் அவளைப் பேசச் சொன்னதில் அவளுக்கு உண்மையான ஒரு வாக்கியம்கூட இல்லை. கீழே முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகக் குனிந்து, "நாளைக்கு உனக்கு எது உண்மைன்னு தோணுதோ அதையே சொல்லு. ஆனா இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். உடனே நிமிர்ந்து, "வெரி குட், வெரி குட்" என்று முதலாளிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

விழாவுக்கு அறை நிரம்பிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்காக முதலாளி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலம் மேன் அட்டை வேனைத் தூக்கினான். வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் வேனையும் பிடித்துக்கொண்டே சத்திரம் வரைக்கும் பறந்தான். அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். அவள் அப்பா பின்வரிசையில் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்ரிபடி நோஸ், மிஸ்."

நான் கைதட்டக் கையைத் தூக்கினேன். அவள் நிறுத்தவில்லை.

"லைக் யூ, மிஸ். யூ ஆர் நாட் ஃப்ரம் பெங்களூர்."

அதற்குப் பிறகு அவள் பேச்சு மடை திறந்துவிட்டது. மிஸ் துறையூர் பஸ்ஸில் போவார். நானும் அம்மாவும் சமயபுரம் பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு அங்கிள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார். துண்டு மிஸ் மடியில் விழுந்தது. இது என் சீட் என்று அங்கிள் சண்டைக்கு வந்தார். மிஸ் தமிழில் கத்தினார். "வெரி குட் தமிழ்." பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பாருடி உங்க மிஸ்ஸை என்று அம்மா சொன்னார். எல்லாமே ஆங்கிலத்தில், மூச்சு வாங்க, ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

வேலை போச்சு என்று முதலாளியைப் பார்த்தேன். அதே சமயம் தூக்கிய கை சந்தோஷத்தில் தானாகத் தட்டவும் தட்டியது. என் பிள்ளை பேசுகிறது! என் மானத்தை வாங்கித்தான் பேசுகிறது, ஆனாலும் பேசுகிறது.

அறையில் சிரிப்பு அடங்கவே இல்லை. புடவை விமர்சனம் செய்கிற அம்மா எழுந்தார். "எங்களுக்கு எப்பவோ தெரியும் மிஸ். எவ்வளவு நாள் தாங்கறீங்கன்னு பாக்கத்தான் அப்படிப் பேசினோம். புடவை நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "சார், நோட்டீஸ்லேர்ந்து பெங்களூரை எடுத்துடுங்க. மிஸ்ஸை வச்சுக்கோங்க" என்றார். முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அவள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அபாகஸ் வேணாங்க மிஸ். இனிமே நான் உங்ககிட்ட தமிழ்லயே பேசலாமுங்களா?"

"தாராளமா பேசுங்க சார்."

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார். "ஆமா, அந்த சீட்டு கடைசில யாருக்குங்க கிடைச்சுது?"

எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மாடிக்கு வந்த நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த தமிழ் அத்தனையும் நாக்கில் வந்து நின்றது. "எனக்குத்தான், வேற யாருக்கு? துண்டைச் சுருட்டி அந்தாளு கையில குடுத்து..." என்று ஆரம்பித்தேன்.

யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். அவள்தான். சுவரில் நானே எழுதி ஒட்டிய அட்டையைக் காட்டினாள். இங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும்.

"இங்கிலீஷ், மிஸ்" என்றாள்.

துண்டு மடியில் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. நடுவில் தடுமாறிய இடத்தில் அவள்தான் எடுத்துக்கொடுத்தாள்.