நான் மாட்டிய பூஸ்டர்

ஊரில் எங்கள் வீட்டுக்குள் போனில் சிக்னல் எடுக்காது. வீட்டிலிருந்தே சேரும் பெங்களூர் ஆபீஸ் மீட்டிங்கில் "ஹலோ, ஹலோ" என்று கத்தியே என் தொண்டை போனது. வெறுத்துப்போய் ஆன்லைனில் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி, கூரைமேல் ஆன்டெனாவை நானே மாட்டினேன். சிக்னல் முழுசாக வந்தது.

இரண்டே வாரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் போன் போகவில்லை. பூஸ்டர் இருப்பதால் நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாமல், அக்கா மெயின் ரோடு வரை ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், போன் கம்பெனியைக் கண்டபடி திட்டி, தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தேன்.

மனுவைப் பார்த்து வந்த டெக்னீஷியன், கையில் ஒரு கருவியோடு தெருவை அளந்துகொண்டே வந்து என் வாசலில் நின்றார்.

"இன்னா சார், இத நீங்களா மாட்னீங்க? டவரையே கெடுக்கறது இதான்."

பிளக்கைப் பிடுங்கினேன். சில நிமிடங்களில் பக்கத்து வீட்டில் போன் அடித்தது.

அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கி உன் போன் வேலை செஞ்சிச்சா, தம்பி?"

"செஞ்சிது அக்கா."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது தெருவில் வெயிலில் நின்றுதான் பேசுகிறேன். எரிச்சல் வராமல் இல்லை. ஆனால் யாரையாவது திட்ட வாயெடுத்தால், வார்த்தை பாதியிலேயே நின்றுவிடுகிறது.