சீதோன் காசில் இருந்த கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, அருள்வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. தினமும் விடியற்காலையில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிற ஆள் நான், உட்கார இடம் கிடைத்தால் எனக்கு அதுவே பெரிய அற்புதம். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு இருக்கிற ஒரே கிறுக்கு பழைய காசு. அதிலும் ரோமப் பேரரசின் கீழ் இருந்த ஊர்கள் தாங்களே அடித்துக்கொண்ட செப்புக் காசு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு பக்கம் பேரரசர் தலை, மறுபக்கம் அந்தந்த ஊர்ச் சாமி. மனிதத் தலை வைத்த பாம்பு, மார்பெல்லாம் முலையாக நிற்கிற அம்மன், இப்படி எதையாவது பார்த்துவிட்டால் விட மனசு வராது. என் மனைவி எஸ்தருக்கு இது பிடிக்காது. "பைபிள்ல வேணாம்னு சொன்ன சாமியெல்லாம் நம்ம பீரோவுலதான் குடியிருக்குது" என்பாள்.

போன வருஷம் மண் ஒட்டிய காசு ஒன்று வாங்கினேன், பைபிளில் வருகிற சீதோன் நகரத்துக் காசு. அந்த ஊர் அஸ்தரோத் தேவிக்கு முகம் கிடையாது, ஒரு உருண்டைக் கல்தான் தேவி. நான்கு தூண் வைத்த இரட்டைச் சக்கரத் தேரில் அந்தக் கல் உட்கார்ந்திருப்பதைத்தான் காசில் அடித்திருப்பார்கள். பழங்காசைத் தேய்த்துக் கழுவக் கூடாது, செம்பில் படிந்த பழம்பச்சை போனால் காசே போச்சு. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் ஊறப்போட்டு, வாரத்துக்கு ஒருமுறை எடுத்து மூங்கில் குச்சியால் மண்ணை மெல்ல நெம்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஸ்தர் சர்ச்சுக்குப் போயிருந்தாள், நான் தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் காசும் கையுமாக இருந்தேன். பத்து மணி இருக்கும், கடைசி மண் பெயர்ந்து விழுந்தது, லென்ஸை வைத்துப் பார்த்தால் கல்லில் இரண்டு கண். நம்பினால் நம்புங்கள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குண்டுக் கண். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு காசு கிடையாது. போட்டோ எடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம், அவசரக் குடுக்கை நான், காசு சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் முதலில் எழுதிவிட்டேன், கண் வைத்த கல் என்னிடம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு பெங்களூர் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் நான். அங்கே ஒருமுறை கதைவிட்டவன் என்று பெயர் வாங்கினால் அப்புறம் யாரும் நம் காசைக் கையில்கூட வாங்க மாட்டார்கள்.

போனைக் கீழே வைத்தேன், தரை அதிர்ந்தது. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் எங்கள் ஊரில் எப்போதாவது அடியில் பாறை வெடிக்கும், பாத்திரம் குலுங்கும். சுரங்கம் ஓடிய காலத்தில் அப்படி அதிர்ந்தால் எல்லா வீட்டிலிருந்தும் வெளியே ஓடிவந்து, எந்த ஷிப்டில் யார் உள்ளே என்று கேட்பார்கள். உள்ளே யாருமே இல்லாத இந்தக் காலத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. நானும் ஓடினேன். சந்தில் ஒரு குஞ்சுகூட இல்லை. பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணன் மட்டும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அதிர்ந்துச்சே, தெரியலியாண்ணே?"

"ஒண்ணும் அதிரல பா. நைட்டு தூங்குனியா இல்லியா நீ?"

திரும்பி வந்தேன். காசு வைத்த இடத்தில்தான் இருந்தது. தேர் இருந்தது, தூண் இருந்தது, சக்கரம் இருந்தது. கல்லைக் காணோம். அந்த இடம் வழவழவென்று சமமாக இருந்தது, எதுவும் பெயர்ந்த தடமே இல்லை. ஊறிய தண்ணீரை டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தேன், மேசைக்கடியில் தவழ்ந்து தேடினேன். வாய்விட்டு அழவில்லை, அவ்வளவுதான்.

எஸ்தர் வந்தாள். "இன்னாத்துக்கு என் வடிகட்டிய எடுத்தீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே மேசையைத் துடைக்கக் காசைக் கையில் எடுத்தாள். கட்டை விரல் அதன்மேல் போனது.

"இன்னாங்க இது, தடவுனா நடுவுல உருண்டையா கீது? ரெண்டு புள்ளி வேற."

கண்ணைப் பற்றி நான் அவளிடம் வாயே திறக்கவில்லை. அவள் காசைக் குனிந்து பார்த்தாள், காலித் தேர்தான், என் பக்கம் திரும்பி மறுபடி தடவினாள், கீழே வைத்துவிட்டுப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். கல் இருந்தது. பார்த்தால் இல்லை, பார்க்காமல் தடவினால் இருக்கிறது. பயப்பட வேண்டிய நான், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் குதித்தேன்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எல்லாரும் காசைச் சுற்றிவந்து பார்த்தார்கள். "காலித் தேரைக் கொண்டுவந்து காட்றியே தம்பி" என்றார் எங்களுக்கெல்லாம் மூத்தவரான பாஸ்கர் சார். "கண்ண மூடிக்கினு தடவுங்க சார்" என்றேன். நான்கு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் மூடினார், தடவினார், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"கண்ணு இருக்குது" என்றார் மெதுவாக. "இவன் பொய் சொல்லல."

அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. என் மானம் பிழைத்தது, அது போதும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் அந்தக் கல் ஒரே இடத்தில் இல்லை. அன்றைக்கு நடுவில் இருந்த கல் ஒரு மாதம் கழித்து இடது தூணை ஒட்டி இருந்தது, பொங்கலுக்குத் தூணைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. நேற்றுக் காலை தடவினேன், காசின் விளிம்புக்கு இன்னும் ஒரு நெல் அகலம்தான் பாக்கி. உங்களுக்குச் சந்தேகம் என்றால் இந்த வாரமே வந்து தடவிப் பாருங்கள். அது விளிம்பைத் தாண்டிவிட்டால் என்னிடம் அத்தாட்சியும் இருக்காது, அது வீட்டில் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது.