பிணம் போகும் சந்து

தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடியதும், எங்கள் பகுதி ஆட்கள் ஞாயிறுதோறும் நடத்தும் வரைபட வகுப்பில் சேர்ந்தேன். வானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் சந்துகள் தெரியாது, தார்ப்பாய்தான் தெரியும். அதனால் போனைக் கையில் பிடித்து நடந்தே வரைய வேண்டும்.

என் வீட்டுப் பக்கத்தை வரைந்த அன்று, சொல்லிக்கொடுக்கும் செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, மெயின் ரோட்டுக்கு இந்தச் சந்து வழியா பாதி தூரம்தான். ஏன் சுத்திப் போறீங்க?"

"அது பிணம் கொண்டு போற வழிம்மா. சீக்காளிய அதுல தூக்கிட்டுப் போவமாட்டோம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மூச்சுத் திணறிய என் மனைவியைக் கட்டிலோடு சுற்று வழியில்தான் தூக்கிப் போனோம். ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸை எட்டும் முன்பே போய்விட்டாள். மறுநாள் அந்தச் சந்து வழியாகத்தான் கொண்டுபோனோம்.

"சந்துக்கு என்ன பேரு போட?" என்றாள் செல்வி.

என் மனைவியைத் தூக்கிய அன்று கட்டிலின் மறுபக்கம் பிடித்த முருகனும் வகுப்பில் இருந்தான். அவன்தான் சொன்னான்: "ஆஸ்பத்திரிச் சந்துன்னு போட்டுரு தாயி."

இப்போது எனக்குச் சர்வே வேலை. வகுப்பு ஆட்கள்தான் சேர்த்துவிட்டார்கள். போன மழையில் பக்கத்து வீட்டுக்காரரை அந்தச் சந்து வழியாகத் தூக்கினோம். பிழைத்துக்கொண்டார். சந்தோஷம்தான். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.