பெயர் கேட்ட சட்டம்

திம்மராயனுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவன் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் படித்தான். ஓசூர் சிப்காட்டில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. பேச்சுதான் சிக்கல். எதிராளியின் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான். ஓசூர்க்காரர்களோ தமிழில் தொடங்கிக் கன்னடத்துக்குத் தாவித் தெலுங்கில் முடிப்பார்கள். பாதியிலேயே பிடி நழுவிவிடும். திருப்பிக் கேட்டால், "ஒண்ணுமில்ல, உடு" என்று கையை ஆட்டிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜான்பீட்டர் ஒரு 'போர்டு' தொடங்கினார். கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பியில் இணைத்து அவர் கடை நம்பருக்குப் போட்டால் உள்ளே போகலாம். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதலாம்; ஒருவருக்கு மட்டும் தனியாகவும் எழுதலாம். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். எல்லாருக்கும் புனைபெயர்தான். வரைபடப் பிரிவின் தலைவர் ரத்தினவேல், வேலை முடிந்த மாலைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொட அனுமதித்தார். திம்மராயன் தனக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்துக்கொண்டான்.

வாயாடி வந்தால் போர்டு களைகட்டும். அவன் கிண்டலுக்குப் பதில் சொல்ல முடியாமல் இன்ஜினீயர்கள் திணறுவார்கள். அவனுக்குக் காது கேட்காது என்று ஒருவருக்கும் தெரியாது. சரிக்குச் சரி வாயாடியவர் ஒருவர்தான். 'மாங்கொட்டை.' கிருஷ்ணகிரியில் ஏதோ மாங்கூழ் ஆலை ஆபீசில் வேலை, பெண் என்பதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. நாளடைவில் இருவரும் தனியாக எழுதிக்கொண்டார்கள். தன் அப்பாவின் குடியைப் பற்றி அவள் எழுதினாள். யாரிடமும் சொன்னதில்லை என்றாள்.

அப்போது பேப்பரில் ஒரு செய்தி வந்தது. இப்படிப்பட்ட போர்டுகளுக்குப் புதுச் சட்டம் யோசிக்கிறார்களாம். லைசென்ஸ் வாங்க வேண்டும். எழுதுகிறவர்களின் நிஜப் பெயரும் விலாசமும் கொடுக்க வேண்டும். அதிகாரி கேட்டால் தனிக் கடிதங்களையும் திறந்து காட்ட வேண்டும். போர்டே கொதித்தது. தபால் உறையைப் பிரிப்பது தப்பென்றால் இது மட்டும் எப்படிச் சரி என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூடி மனுவில் கையெழுத்துப் போடுவதாக எல்லாரும் சூளுரைத்தார்கள்.

திம்மராயன் மட்டும் போனான்.

"நீங்க?" என்றார் ஜான்பீட்டர்.

அவன் ஒரு தாளில் 'வாயாடி' என்று எழுதி, தன் காதைத் தொட்டுக் காட்டினான். ஜான்பீட்டர் அவனுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"யாரும் வரமாட்டாங்க சார். பேர் கேக்குற சட்டத்த எதுக்கவும் பேர்தான குடுக்கணும்? டெலிபோன் ஆபீஸ்காரர் வேற வந்து விசாரிச்சிட்டுப் போனார். வீட்ல எம் பொண்டாட்டி ஜெயசெல்வி அழுவறா. வெள்ளிக்கிழமையோட மூடிடறேன்."

'இன்னும் சட்டமே வரலையே' என்று எழுதிக் காட்டினான்.

"வந்த பெறகு தப்பிக்க முடியுமா?"

மறுநாள் மாலை திம்மராயன் மாங்கொட்டைக்குத் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதினான். காது கேட்காததையும் எழுதினான். அடுத்த நாள் போட்டபோது இணைப்பு கிடைக்கவில்லை. பயம் தாங்காமல் ஜான்பீட்டர் வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை, எல்லாவற்றையும் அழித்திருந்தார். அவள் படித்தாளா என்று கேட்டதற்குத் தெரியாது என்று கைவிரித்தார்.

விலாசம் தேடி ஒரு கடிதமும் வரவில்லை. மாம்பழ சீசனில் லீவு போட்டுக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினான். ஆலை ஆலையாகப் போய் ஒரு சீட்டை நீட்டினான்: 'கம்ப்யூட்டர் போர்டில் எழுதிய பெண் இங்கே உண்டா?' ஒரு வாட்ச்மேன் சிரித்தான். இன்னொருவன் தெலுங்கில் ஏதோ சொல்லித் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். ஓர் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து சீட்டை வாங்கிப் படித்தாள். அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வேகமாக ஏதோ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். இல்லை என்றாளா, போ என்றாளா? அவனால் படிக்க முடியவில்லை.

அந்தச் சட்டம் என்ன ஆனதென்று ஜான்பீட்டருக்கே தெரியாது. யாரும் பிறகு வந்து கேட்கவில்லை.

அடுத்த வருஷம் நாட்றாம்பாளையத்திலிருந்து அக்கா நாராயணம்மா வந்தாள். தம்பி இளைத்துப் போயிருந்தான். பெண் பார்க்கட்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினான். "ஏன்டா?" என்றாள். அவள் உதடு அவனுக்கு நன்றாகவே புரிந்தது. எங்கிருந்து தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.