கவிழ்த்து வைத்த தாம்பாளம்

இன்று மகள் வீட்டில், காய்ச்சிய தண்ணீர் பித்தளையில் ஆறும் வாசனை வந்ததும், எழுபதுகளில் சேலத்தில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த, பின்னால் இடித்துவிட்ட அந்தச் சமணக் கூடம் நினைவுக்கு வந்தது. மழைக்காலம் முழுக்க வெள்ளுடைப் பெண் துறவிகள் அங்கே தங்குவார்கள். பச்சைத் தண்ணீரில் உயிர்கள் உண்டென்று, சேட்டு வீடுகளில் காய்ச்சித் தாம்பாளங்களில் ஆறவைத்ததை மட்டும் பொழுது சாய்வதற்குள் குடிப்பார்கள். எறும்புக்கும் நோகாத கம்பளித் துடைப்பம் தரையில் உரசிக்கொண்டே இருக்கும்.

அந்த வருடம் மூத்த குருவம்மா உணவை நிறுத்தினார். அவருடைய சின்னத் தாம்பாளத்தில் தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு காலையில் மற்றவை ஆவிவிட்டுக்கொண்டிருக்க, அது மட்டும் கவிழ்ந்திருந்தது.

"ஏனுங்க, பெரியம்மாளுக்கு நோவுங்களா? டாக்டரக் கூட்டியாரட்டுங்களா?" என்றாள் பால்காரம்மா.

"நோவு இல்லம்மா. அவங்களா எடுத்த விரதம். உயிர் போற வரைக்கும்," என்றார் வாசலில் நின்ற சேட்டு.

உள்ளே பாட்டு ஓயவில்லை. சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எலும்பும் துணியுமாகச் சுவரில் சாய்ந்திருந்த குருவுக்கு எதிரே, என் அக்கா வயதுத் துறவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வகுப்பில் நாங்கள் கரும்பலகையைப் பார்ப்பதுபோல, அவரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.