டேங்க் மேல் வைத்த கை

போன வருஷம் ஒரு பௌர்ணமிக்கு முந்தின வாரம் எங்கள் பைக் திடீர் திடீரென்று நிற்கத் தொடங்கியது. வேகமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தைக் குறைத்தால் போதும், அப்படியே அடங்கிவிடும். செங்கம் ரோட்டில், நான் வேலை பார்க்கும் விடுதிக்குத் திரும்புகிற இடத்தில் ஒருநாள் நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே என் பரம்பரை முழுவதையும் விசாரித்தார்.

வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்திலேயே. நான் விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அவளுக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, காய்ச்சல் இறங்கியபோது கேட்கும் திறனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அதனால் எங்கள் வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு சண்டை போட முடியாது.

பௌர்ணமிக்கு முதல் நாள் நானே த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். என்ஜினுக்குக் காற்று போகிற குழாய் அது. நடுவில் ஒரு வட்டத் தகடு இருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தகடு திறக்கும், விட்டால் மூடும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்குப் பக்கத்திலேயே கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார். கரியையெல்லாம் துடைத்து மாட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசமானது. வண்டி நின்ற இடத்தில் தானாக உறுமும், அப்புறம் செத்துப்போகும்.

மறுநாள் காலையில் மெக்கானிக்குக்கு போன் செய்தேன்.

"அண்ணே, நீங்க சுத்தம் பண்ணீங்க, சரி. ஆனா வண்டிக்கு அது தெரியாது. அழுக்கோட இருந்த பழைய கணக்கையே வெச்சினு இருக்குது. சென்சாரை ரீசெட் பண்ணணும்" என்றார்.

"இப்பவே கொண்டாரட்டுமா?"

"எங்க கொண்டாருவீங்க? பௌர்ணமி. கிரிவலப் பாதையில வண்டிய உடவே மாட்டான். வீட்லயே பண்ணலாம். சாவியப் போடுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. பெட்ரோல் பம்பு உய்ய்னு ஓடி நிக்கும். நின்னப்புறம் ஆக்ஸிலேட்டரை முழுசா திருகி முழுசா உடுங்க. அப்படி மூணு வாட்டி. சாவிய ஆஃப் பண்ணிட்டு, கொஞ்சம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. அப்ப மட்டும் ஆக்ஸிலேட்டர் மேல கையே வெக்கக் கூடாது. அதுவா கத்துக்கும்."

"அதுவா எப்படிங்க கத்துக்கும்?"

"எது பூஜ்யம்னு அதுக்குத் தெரிஞ்சிட்டா மீதிய அதுவே பாத்துக்கும்ணே."

பௌர்ணமிக்கு மறுநாள் போளூரில் மனைவியின் தங்கைக்கு வளைகாப்பு. தங்கை உடுத்தப்போகிற பட்டுப் புடவைக்கான ஜாக்கெட் எங்கள் வீட்டில்தான் இருந்தது. பௌர்ணமி முடிந்த காலையில் பஸ்ஸில் ஏறுவது எப்படியிருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வண்டி சரியானால்தான் போக முடியும்.

வாசலில் தகரக் கொட்டகையின் கீழே வண்டியை நிறுத்திச் சாவியைப் போட்டேன். பம்ப் ஓடியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. எதிரே அன்னதானப் பந்தலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். ஒன்றில் பாட்டு, இன்னொன்றில், "சாம்பார் சாதம் ரெடியா இருக்குது, வரிசையில வாங்க" என்ற அறிவிப்பு. நடப்பவர்களின் கோஷம் வேறு. குத்துமதிப்பாகக் காத்திருந்து திருகினேன், விட்டேன், ஸ்டார்ட் செய்தேன். உறுமிவிட்டுச் செத்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். வெயில் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கழுத்தில் இஞ்சு டேப்போடு மனைவி வெளியே வந்தாள். "இன்னாங்க பண்றீங்க? சாவியப் போடறீங்க, எடுக்கறீங்க."

அவள் பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். "மைக் சத்தத்துல பம்பு நின்னதே தெரியலம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கும் கேக்கலியா?"

பிறகு பக்கத்தில் வந்து, பெட்ரோல் டேங்க் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். "இப்பப் போடுங்க."

போட்டேன்.

"ஓடுது" என்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். "இன்னும் ஓடுது. ம், நின்னுடுச்சு."

அதுவரை நான் அவசரப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். இந்த முறை சரியான நேரத்தில் திருகி, பிறகு விட்டேன். அவள் இன்னொரு கையை என் கைக்கு மேல் வைத்தாள். "இருங்க. முழுசா மூடல."

"மூடிட்டேனே."

"இல்ல. எதுவோ பிடிச்சினு இருக்குது."

கைப்பிடியைத் தன் பக்கம் வாங்கி, மூடுகிற திசையில் மெல்லத் தள்ளினாள். மயிரிழை அளவு நகர்ந்தது. கையை எடுத்ததும் அதே மயிரிழை திரும்பி வந்தது. என் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. குனிந்து பார்த்தாள். வியர்வையில் கை வழுக்குகிறது என்று நான் சொன்னதற்காகக் கைப்பிடிக்குப் பத்து நாள் முன்பு அவளே தைத்துப் போட்ட ரெக்ஸின் உறை. அதன் மடிப்பு ஓரம் பக்கத்திலிருந்த சுவிட்ச் பெட்டியில் உரசிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஐய, நான் தெச்சதுதாங்க" என்றாள். உள்ளே போய்த் தையல் பிரிக்கிற ஊசியைக் கொண்டுவந்து, நின்றபடியே உறையைப் பிரித்து உருவினாள். இப்போது திருகி விட்டால் கைப்பிடி விருட்டென்று போய் உட்கார்ந்தது. இத்தனை நாளாக, கொஞ்சம் திறந்திருந்ததையே மூடியது என்று அந்தச் சின்னச் சென்சார் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். அவள் "நின்னுடுச்சு" என்றதும் நான் திருகினேன். சாவியை அணைத்தோம், காத்திருந்தோம், ஸ்டார்ட் செய்தேன்.

என்ஜின் வேகம் ஏறியது, இறங்கியது, சாகப்போகிறது என்று நினைத்தபோது மறுபடி ஏறியது. என் கை தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "உடுங்க. தேடுது."

தேடியது. ஏற்றமும் இறக்கமும் சிறிதாகிக்கொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் என்ஜின் தன் இடத்தைக் கண்டுகொண்டு சீராக ஓடத் தொடங்கியது. யாரும் தொடவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. இரும்பும் கம்பியும் ஒன்றைக் கற்றுக்கொள்வதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"நீங்க வெச்சுப் பாருங்க" என்று டேங்கைக் காட்டினாள். அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். முதலில் வெறும் நடுக்கம்தான் தெரிந்தது. கண்ணை மூடியதும் நடுக்கம் பிரிந்தது. அடியில் கனமாக ஒரு துடிப்பு, அதன்மேல் பொடிப்பொடியாக இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் சீராக ஓர் இழை. எத்தனையோ வருஷமாக ஓட்டுகிற வண்டி. இதெல்லாம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"இந்த வாரம் பூரா வண்டி பயந்துனு வந்துச்சு" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தையல் மெஷின்ல காலை வெச்சினு இருப்பேன் இல்ல? நீங்க கொட்டாய்க்குள்ள வந்தா தரையில வண்டியோட அதிர்வு வரும். தெனமும் ஒரே மாதிரி வரும். இந்த வாரம் விட்டு விட்டு வந்துச்சு."

"எங்கிட்ட சொல்லலியே?"

"உங்களுக்குத்தான் காது இருக்குதே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

மலையை நினைத்து எங்கிருந்தோ வந்தவர்கள் வாசலுக்கு அப்பால் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் அங்கிருந்தே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மனைவியின் கையைப் பார்த்தபடி நின்றிருந்தேன். நான் வருவதை அவள் வாசலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள் என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து நினைத்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். வழியெல்லாம் ஊர் திரும்புகிற கூட்டம். ஊர்ந்து ஊர்ந்துதான் போக முடிந்தது. ஓரிடத்திலும் வண்டி நிற்கவில்லை. வளையல் அடுக்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். ஜாக்கெட் தங்கைக்குக் கச்சிதமாக இருந்தது.

இப்போதெல்லாம் விடுதிக்குக் கிளம்பும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு டேங்க் மேல் கொஞ்ச நேரம் கை வைக்கிறேன். அந்தக் கனமான துடிப்பு கிடைத்துவிடுகிறது. மேலே ஓடுகிற பொடித் துடிப்பு சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.